மூன்று தடவை திருப்பி அனுப்பிய பவளக் கடை

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. கோவை அவினாசி ரோட்டில் ஹோப்ஸ் நிறுத்தத்தில் இறங்கி, சந்துக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு வீட்டின் கார் நிறுத்தும் இடத்தில் ஊதா கலந்த நீல வெளிச்சம் தெரியும். அதுதான் கடை; கடல் மீன் தொட்டியில் வளர்க்கிற உயிருள்ள பவளம் விற்கிற இடம். மூன்று வரிசைக் கண்ணாடித் தொட்டிகள், ஒரு மர ஸ்டூல், ஒரு பழைய தராசு, சுவரில் தினசரி காலண்டர். பெயரே இல்லாத கடைக்கு விமர்சனம் எழுதுவது எப்படி என்று யோசித்தே நாலு மாதம் தள்ளிப் போட்டேன். கடைக்கார அண்ணனிடம் கேட்டதற்கு, "எழுதிக்கங்க தம்பி, ஆனா சந்துப் பேரைப் போட்டுப் போடாதீங்க, வர்றவங்களுக்குப் பதில் சொல்ல இங்க ஆளில்லை" என்றார். அதனால் சந்தை விட்டுவிடுகிறேன். கோவையில் கடல் மீன் வளர்க்கிறவர் யாரையாவது பிடித்தால் அவரே வழி சொல்வார்.

நான் திருப்பூர்க்காரன். அனுப்பர்பாளையத்தில் வீடு, சாயப்பட்டறை ஒன்றில் ஆர்.ஓ. பிளான்ட் பார்க்கிற வேலை. 2011 சனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் ஊரில் இருந்த சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடப்பட்டதும், கழிவை ஒரு சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்று ஆனதும் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு எங்கள் கூட்டத்துக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. பகலெல்லாம் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிப்பது பிழைப்பு. ராத்திரி வீட்டுக்கு வந்து, காசு கொடுத்து வாங்கிய உப்பை அதே தண்ணீரில் கரைப்பது பொழுதுபோக்கு. என் வீட்டுக்காரி இதை ஒறம்பரைகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

இந்தக் கடைக்குப் போகும் முன் ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டவன் நான். வேறொரு ஊரில் வேறொரு கடை. தொட்டி, தண்ணீர், கல், இரண்டு மீன், பவளம் இரண்டு துண்டு, எல்லாம் ஒரே நாளில் ஒரே பில்லில் கொடுத்து அனுப்பினார்கள். "ஒரு மருந்து ஊத்தினாப் போதும், தண்ணி உடனே ரெடி" என்றார்கள். ஒன்பதாம் நாள் தொட்டியில் உயிரோடு இருந்தது நான் வைத்த மோட்டார் மட்டும்தான். பதினெட்டாயிரம் ரூபாய். அந்த நாற்றம் போக வீட்டில் மூன்று நாள் சாம்பிராணி போட்டோம். அப்போதே விட்டிருக்க வேண்டும். விடவில்லை.

ஆகவே கார்த்திகை மாதம் ஹோப்ஸ் கடைக்குள் நுழைந்ததும் நான் முதலில் கேட்டது, "பவளம் என்ன விலைங்ணா?" அவர் கேட்டது, "உங்க ஊருல தண்ணி எப்படிங்க?"

கொங்கு நாட்டில் வீட்டுக்கு இரண்டு குழாய். ஒன்று நல்ல தண்ணி, இன்னொன்று உப்புத் தண்ணி. ஆற்றிலிருந்து குடிக்க வருவது நல்ல தண்ணி. ஆயிரம் அடி போரிலிருந்து வருவது உப்புத் தண்ணி. வேலைக் கோளாறு, நான் எங்கே போனாலும் சட்டைப் பையில் டிடிஎஸ் மீட்டர் இருக்கும், தண்ணீரில் கரைந்த உப்புகள் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று காட்டுவது. எங்கள் வீட்டு நல்ல தண்ணி 140, போர்த் தண்ணி 1,900. இரண்டையும் சொன்னேன். வீட்டில் சமையலறை ஆர்.ஓ. இருக்கிறது, அதில் பிடித்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். "அதுல எவ்வளவு வருது?" "அறுபது." "குடிக்கிறதுக்கு அது ருசியா இருக்கும். பவளத்துக்கு பூஜ்யம் வேணும் தம்பி. பூஜ்யம்னா பூஜ்யம்" என்று சொல்லி, ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் ஐந்து வரி எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். வாங்கப் போனவனை வாங்க விடவில்லை. அது முதல் தடவை.

எனக்கு ரோஷம். ஆர்.ஓ.வைப் பற்றி எனக்கே பாடமா என்று. ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோது அவர் சொன்னது சரி என்று பட்டது. சமையலறை இயந்திரங்கள் ருசிக்காக வடித்த தண்ணீரில் கொஞ்சம் பழைய தண்ணீரைத் திரும்பக் கலக்கின்றன. அந்த அறுபதுக்குள் நைட்ரேட் இருக்கலாம், சிலிகேட் இருக்கலாம், குழாயிலிருந்து வந்த செம்பு இருக்கலாம். மீன் தாங்கிவிடும். முதுகெலும்பில்லாத உயிர்களுக்குச் செம்பு நஞ்சு.

அந்த ஐந்து வரிப்படி உள்ளூரிலேயே பாகம் வாங்கி நானே ஒரு சாதனம் கட்டினேன்: ஐந்து மைக்ரான் வடிகட்டி, கார்பன், 75 கேலன் மெம்பிரேன், கடைசியில் மிச்சமிருக்கும் உப்பையும் பிடித்துக்கொண்டு நிறம் மாறும் டி.ஐ. ரெசின். ஆறாயிரத்துச் சொச்சம் ஆனது. மெம்பிரேனைத் தாண்டி வந்தது 6. ரெசினைத் தாண்டியது 0. ஒரு லிட்டர் நல்லதுக்கு மூன்று லிட்டர் கழிவு. பட்டறையில் அந்த மூன்று லிட்டருக்காகத் தலைகீழாக நிற்கிறோம். வீட்டில் அது தென்னைக்குப் போகிறது.

நான் குடம் குடமாகப் பூஜ்யத் தண்ணீர் பிடித்து வைப்பதைப் பார்த்து அம்மா, "ஏஞ்சாமி, உப்புத் தண்ணிதானே வேணும்? அதுதான் நம்ம போர்லயே வருதே, அதை ஊத்தினா ஆகாதா?" என்றார். சிரிக்க வேண்டாம், நியாயமான கேள்வி. நம் போர்த் தண்ணீர் வாய்க்கு உப்பு. கடலுக்கு முன் அது சர்க்கரைத் தண்ணீர். 1,900 எங்கே, 35,000 எங்கே. போரில் இருப்பது பெரும்பாலும் பாறையிலிருந்து கரைந்த சுண்ணாம்பும் மக்னீசியமும், வயலிலிருந்து இறங்கிய நைட்ரேட்டும். கடலில் இருக்கும் விகிதமே வேறு.

இரண்டாவது தடவை உப்பு வாங்கப் போனேன். பவளம் கேட்கவில்லை, கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும். இருபது கிலோ பக்கெட், ஏழாயிரத்தை ஒட்டி. பாக்கெட்டில் பிரித்து கிலோ கணக்கிலும் விற்கிறார், அதை வாங்காதீர்கள் என்பது என் கருத்து. இந்த உப்பு சோடியம் குளோரைடு மட்டுமில்லை. கால்சியம், மக்னீசியம், கார்பனேட் என்று பத்துப் பொருள் கலந்த பொடி. திறந்து வைத்தால் ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடும், கனமானது அடியில் தங்கும். மேலாக அள்ளிய கிலோவும் அடியில் அள்ளிய கிலோவும் ஒன்றாக இருக்காது. சீல் பிரிக்காத பக்கெட்டாகவே கேளுங்கள், கொடுப்பார்.

அந்தப் பக்கெட்டோடு பஸ் ஏறினேன். கண்டக்டர், "உள்ள என்னங்க, பெயின்ட்டா?" "உப்புங்க." ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். "இருபது கிலோ உப்பா? ஊறுகாய் கம்பெனிங்களா?" லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். அவினாசி வரும் வரை பக்கத்து சீட்டுக்காரர் மாங்காய் விலை பேசிக்கொண்டு வந்தார்.

என் தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கல்லும் மணலும் போக 160 லிட்டர் தண்ணீர். லிட்டருக்கு முப்பத்தாறு கிராம் வீதம் ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக உப்பு பிடித்தது. தண்ணீரில்தான் உப்பைப் போட வேண்டும், உப்பின் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. ஊற்றினால் கால்சியமும் கார்பனேட்டும் அந்தக் கெட்டிக் கரைசலில் ஒன்றோடொன்று ஒட்டிச் சுண்ணாம்பாக அடியில் இறங்கிவிடும். மோட்டார் போட்டு ஒரு ராத்திரி சுழல விட்டேன்.

கல் விஷயத்தில் இந்த அண்ணன் மேல் எனக்கு மரியாதை வந்தது. கடலில் எடுத்த பவளக் கல் அவரிடம் கிடையாது. பீங்கான் போலச் சுட்ட செயற்கைக் கல், துளைத்துளையாக இருப்பது, அதுதான் விற்கிறார். ஒரு பையன் வந்து, "ராமேஸ்வரம் மண்டபம் பக்கத்துக் கல் கிடைக்குமாண்ணா, அதுதான் நிஜமா இருக்கும்" என்று கேட்டபோது ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார். பாறை கட்டும் கல்பவளம், கருப்புப் பவளம், கடல் விசிறி, தீப்பவளம் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. "புலி இருக்கிற அட்டவணை தம்பி அது. புலித்தோல் கேட்டு என் கடைக்கு வருவீங்களா?" என்றார். பையன் ஒன்றும் பேசவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி ஒரு காலத்தில் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கு அனுப்பினோம். அதன் பலனை அந்தக் கரைக்காரர்கள் இன்னும் அனுபவிக்கிறார்கள். வாங்கும் கடையில் கல்பவளமோ கடல் கல்லோ அடுக்கி வைத்திருந்தால் பேசாமல் திரும்பி விடுங்கள், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

மணலுக்கும் இதே கண்டிப்பு. ஆற்று மணலும் எம் சாண்டும் ஆகாது. ஒரு சிட்டிகை மணலில் எலுமிச்சைச் சாறு விட்டுக் காட்டினார்: பொங்கினால் சுண்ணாம்பு மணல், பொங்காவிட்டால் வீடு கட்ட.

இனி நவச்சாரக் கதை. புதுத் தொட்டியில் முதலில் வளர்க்க வேண்டியது பவளமல்ல, கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஒரு கூட்டம் நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக மாற்றும். அவை கல்லில் குடியேற மூன்று வாரமும் ஆகலாம், ஆறு வாரமும் ஆகலாம். அதுவரை அவற்றுக்குச் சோறு போட அமோனியா வேண்டும். அதற்காக மீனை விட்டுச் சாகடிக்கிற பழக்கம் நிறையக் கடைகளில் உண்டு. இவர் அமோனியம் குளோரைடு போடச் சொன்னார். "அதாவது நவச்சாரம்" என்றார். எனக்குத் துள்ளல். அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைக்கு நடுவில் குடியிருக்கிறேன். ஈயம் பூச நவச்சாரம் இல்லாத பட்டறை உண்டா? பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஒரு கை கேட்டு வாங்கிக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டு, பெருமையாகப் போன் செய்தேன்.

(போனை எடுத்தார் என்பதே ஆச்சரியம். பத்துக்கு எட்டு தடவை எடுக்க மாட்டார்.)

"எங்க வாங்கினீங்க?" "பட்டறைலங்ணா." "என்ன பட்டறை?" "பித்தளை, செம்பு…" சொல்லும்போதே எனக்கு வாய் அடைத்துவிட்டது. செம்புத் தூள் பறக்கும் இடத்தில் திறந்து கிடந்த பொடி. அதை ஊற்றியிருந்தால் செம்பு கல்லிலும் மணலிலும் ஏறி உட்கார்ந்திருக்கும். பிறகு எந்த நத்தையை விட்டாலும், எந்தப் பவளத்தை வைத்தாலும் ஏன் சாகிறது என்று தெரியாமல் வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பேன். காகித மடிப்பைப் பக்கத்து வீட்டிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆய்வகத் தரத்தில் நூறு கிராம் பாட்டில் வாங்கினேன். 160 லிட்டரில் அமோனியா 2 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் இரண்டு பங்கு, வர ஒரே ஒரு கிராம் போதும். ஒரு கிராம்! நான் ஒரு கைப்பிடி வாங்கி வைத்திருந்தேன்.

மார்கழி முழுக்க இதுதான் வேலை. காலையில் வாசலில் கோலம், உள்ளே டெஸ்ட் டியூப். நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கிட்டுகளில் மஞ்சளா, மஞ்சள் கலந்த பச்சையா என்று வீட்டு டியூப்லைட்டில் முடிவு செய்யவே முடியாது. நான் டியூப்பைச் சட்டைப் பையில் வைத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய், துணிக்கு ஷேடு பார்க்கிற பெட்டிக்குள், பகல் வெளிச்சம் போலத் தரும் டி65 விளக்கில் வைத்துப் பார்த்தேன். ஷேடு மாஸ்டர், "இது எந்த பார்ட்டி ஆர்டர்ங்க?" என்று கேட்டார். அமோனியா என்றேன். பெட்டியைத் துடைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

பாட்டிலில் விற்கும் பாக்டீரியா வேண்டாம் என்பது கடைக்கார அண்ணனின் கட்சி. இதில் எனக்கு அவரோடு ஒப்புதல் இல்லை. நான் ஒரு பாட்டில் ஊற்றினேன், இருபத்தோராம் நாளில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்துவிட்டன. அவர் அதைத் தற்செயல் என்கிறார். இருக்கட்டும்.

தை மாதம், பொங்கல் முடிந்த வாரம், ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு மிதப்பாகப் போனேன். அவர் ஒரு சொட்டை, ஒளி வளைவதை வைத்து உப்பு ஆயிரத்துக்கு எத்தனை பங்கு என்று காட்டும் தன் ரிஃப்ராக்டோமீட்டரில் விட்டு வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். "உங்க மீட்டர்ல எவ்வளவு?" "35." "இதுல 33.5." என் மீட்டர் அவரிடம் வாங்கியதுதான், இரண்டாயிரம் ரூபாய். அதைத்தான் சொல்கிறாரா என்று கோபம் வந்தது. வெறும் தண்ணீர் விட்டுப் பார்த்தோம், சரியாகப் பூஜ்யம் காட்டியது. 35-க்கென்று இருக்கும் அளவுக் கரைசலை விட்டார். 36.5 காட்டியது.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எத்தனையோ பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். மலிவாக வரும் ரிஃப்ராக்டோமீட்டர்களில் நிறைய வெறும் உப்புக் கரைசலுக்காகச் செய்தவை. கடல் நீர் ஒளியை வளைக்கும் விதம் கொஞ்சம் வேறு. பூஜ்யத்தில் சரியாக நின்றாலும் 35-க்கு வரும்போது ஒன்றரை தள்ளி நிற்கும். வெறும் தண்ணீரில் திருகிச் சரிசெய்துவிட்டு நிம்மதியாக இருந்தால் வாழ்நாள் முழுக்கத் தப்பான உப்பில் இருப்போம். அளவுக் கரைசல் சின்ன பாட்டில் நானூறு ரூபாய் சொன்னார். நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு, "உங்க லேப்ல தராசு இருக்குங்களா? அப்ப எதுக்கு என்கிட்ட வாங்கறீங்க" என்று காலண்டர் தாளைக் கிழித்து எழுதினார்: சுத்தமான சோடியம் குளோரைடு 36.5 கிராம், பூஜ்யத் தண்ணீர் 963.5 கிராம். அந்தக் கரைசல் ஒளியை வளைப்பது 35 உப்புள்ள கடல் நீர் வளைப்பது போலவே இருக்கும். அதை விட்டு மீட்டரை 35-க்குத் திருகிக்கொள்ளலாம். மறுநாள் பட்டறை லேபில் நிறுத்துக் கலக்கினேன். ஒரு லிட்டர் வந்தது. செலவு சில ரூபாய். நானூறு ரூபாய் வியாபாரத்தைத் தானாகக் கெடுத்துக்கொள்ளும் கடைக்காரரை நான் திருப்பூரில் பார்த்ததில்லை.

ஆனாலும் பவளம் கொடுக்கவில்லை. "இன்னும் ஆகலைங்க தம்பி. உப்பை மெதுவா ஏத்துங்க. தொட்டி பழுப்பாகும், பயப்படாதீங்க."

பழுப்பானது. தை கடைசியில் மணலெல்லாம் டிகாக்‌ஷன் கொட்டினது போல ஒரு படலம். டயட்டம் என்கிற நுண்பாசி, சிலிகேட்டைத் தின்று வளர்வது. அது குறையும் முன்பே கல்லில் பச்சை முடி. வந்தவர்கள் எல்லோரும், "என்னங்க, பாசி புடிச்சுப் போச்சு, கழுவி விடறதில்லையா?" என்றார்கள். எனக்கும் கை துறுதுறுத்தது. இரண்டு தடவை பாதித் தண்ணீரை மாற்றினேன். நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம் என்று நோட்டில் எழுதி, அந்தப் பெருமையோடு மாசி முதல் வாரம் மறுபடி போனேன்.

நோட்டைப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார். பவளம் என்பது உயிரினம். அதன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் வெளிச்சத்தில் அதற்குச் சமைத்துப் போடுகிறது. அந்தப் பாசிக்கும் கொஞ்சம் உரம் வேண்டும். மொத்தமாகத் துடைத்து வைத்தால் பவளம் வெளிறும். நல்ல பாசி பட்டினி கிடக்க, டைனோ என்கிற வழவழப்பான ஒன்று மணலில் வந்து உட்கார்ந்துகொள்ளும், அதை விரட்டுவது ஏழரை நாட்டுச் சனியை விரட்டுவது போல. நைட்ரேட் 2-க்கும் 10-க்கும் நடுவில், பாஸ்பேட் 0.03 பக்கம், அங்கே நிறுத்துங்கள் என்றார். "பண்ணையம் பண்ற ஊர்க்காரர், உரமே போடாம வெள்ளாமை கேட்டா எப்படிங்க?"

அன்று பவளத்துக்குப் பதில் ஏழு நத்தையும், ஒரு ஜோடி கோமாளி மீனும் கொடுத்தார். கடலில் பிடித்ததில்லை, பண்ணையில் பொரித்தது. மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் கோமாளி மீனைப் பொரிக்க வைக்கும் முறையைக் கொண்டு வந்துவிட்டார்கள், அப்புறம் கடலில் பிடித்தது எதற்கு என்பது அவர் கேள்வி. மீனுக்குப் போட்ட தீனியில் நைட்ரேட் 5-க்கு வந்து மூன்று வாரம் அங்கேயே நின்றது. கார்பனேட் அளவைக் காட்டும் ஆல்கலினிட்டி 8.3. கால்சியம் 420. உப்பு 35. தொட்டி வெப்பம் 26. மறுபடி போய் நோட்டை நீட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டு, தேதிவாரியாகப் பார்த்தார். ஒரே நாள் நல்ல எண் வந்தால் அவருக்குப் போதாது, மூன்று வாரம் அசையாமல் நின்றிருக்க வேண்டும்.

"சரிங்க. எடுத்துக்கங்க."

முதல் பவளம் ஒரு சிவப்பு மஷ்ரூம், அறுநூறு ரூபாய். கல் எலும்பு இல்லாத வகை, சட்டத்திலும் சிக்கல் இல்லை, தப்பு செய்தாலும் மன்னிக்கும். பட்டன் பட்டனாகக் கொத்தாய் வளரும் ஜோவா என்கிற வகையும் கேட்டேன். அதையும் ஒரு சின்னக் கொத்து கொடுத்தார், கூடவே ஒரு ஜோடி கையுறை, காசு வாங்காமல். ஜோவாக்களில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் உண்டு. வெட்டும்போது கண்ணாடியும் கையுறையும் வேண்டும், அது ஒட்டின கல்லை எந்தக் காரணத்துக்காகவும் வெந்நீரில் போடக்கூடாது, ஆவி மூச்சில் போனால் நேராக ஆஸ்பத்திரிதான். இதைச் சொல்லாமல் ஜோவா விற்கும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன். இவர் இதைச் சொல்லி முடிக்காமல் பையைக் கையில் தருவதில்லை.

வீட்டில் சொட்டுச் சொட்டாக முக்கால் மணி நேரம் தண்ணீர் பழக்கி, விளக்கை முப்பது சதவீதத்தில் வைத்து, மணல் மேல் உட்கார வைத்தேன். முதல் நாள் மஷ்ரூம் காய்ந்த சுண்டைக்காய் மாதிரி சுருங்கிக் கிடந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. என் மகள், "அப்பா, இது செத்துப் போச்சா?" என்று கேட்டு என் வயிற்றில் புளியைக் கரைத்தாள். மூன்றாம் நாள் காலை பல் விளக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தால், எண்ணெயில் போட்ட அப்பளம் போல விரிந்து, ஓரம் லேசாக அலைந்துகொண்டிருந்தது. வாயில் நுரையோடு வீட்டில் எல்லோரையும் எழுப்பினேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். போன் எடுக்க மாட்டார் என்றேன். கேட்டால்தான் பில். ரெசின் விலை ஆன்லைனை விட இருநூறு ரூபாய் கூடுதல். வண்டி நிறுத்த இடமில்லை; பக்கத்து வீட்டு வாசலில் நிறுத்தினால் அந்த வீட்டம்மாவிடம் பாட்டு கேட்க வேண்டும். கோபக்காரர். என் கண் முன்னாலேயே ஒரு தம்பதியை, இரண்டடித் தொட்டிக்கு நீல டாங் மீன் கேட்டார்கள் என்பதற்காக, அது எவ்வளவு பெரிதாக வளரும் தெரியுமா என்று ஐந்து நிமிடம் திட்டினார். அவர் சொன்னது சரி. சொன்ன விதம் சரியில்லை, அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போனது.

இன்னொரு குறை கொஞ்சம் பெரியது. வெயிலைப் பற்றி அவர் எனக்கு முன்கூட்டியே அழுத்திச் சொல்லவில்லை. கோவைக்காரர்; அவருக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருக்கிறது. திருப்பூரில் சித்திரை வந்ததும் தொட்டி 30.5-ஐத் தொட்டது. கடலிலேயே தண்ணீர் அதிகம் சூடானால் பவளம் தன் பாசியை வெளியே தள்ளி வெளுத்துவிடும். 2016-இல் மன்னார் வளைகுடாவில் அப்படி நடந்தது. சில்லர் விலை கேட்டு மூச்சு வாங்கி, கடைசியில் தண்ணீர் மேல் வீசும்படி இரண்டு சின்ன மின்விசிறி வைத்தேன். 27.5-க்கு இறங்கியது. பதிலுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் ஆவியாகிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும்; ஆகவே ஈடு செய்ய ஊற்றுவது பூஜ்யத் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். அதற்குத் தானியங்கி மோட்டார் வைத்தேன். மாதம் ஒரு நாள் காலை முதல் மாலை வரை பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துவார்களே, அதற்கு இன்வெர்ட்டரில் அலை மோட்டாரை மட்டும் கோத்திருக்கிறேன். பவளத்துக்கு வெளிச்சம் ஒரு நாள் இல்லாவிட்டால் பரவாயில்லை, தண்ணீர் அசையாமல் நிற்கக்கூடாது.

அப்படி ஒரு கரண்ட் நிறுத்த நாளில்தான், தொட்டியில் தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியிருப்பதைப் பார்த்து அம்மா ஒரு சொம்பு ஊற்றி நிரப்பியிருந்தார். எந்தத் தண்ணீர் என்று கேட்டேன். "உப்புத் தண்ணிதான் சாமி, நீ எப்பவும் அதுதானே ஊத்தறே." 160 லிட்டரில் ஒரு சொம்பு போர்த் தண்ணீர் ஒன்றும் செய்யவில்லை. மஷ்ரூம் அசையவே இல்லை, அதன் பக்கத்தில் பட்டாணி அளவில் குட்டி ஒன்றும் முளைத்திருக்கிறது.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அந்த அரை, போனுக்காக. போகிறவர்கள் மாலை ஐந்துக்கு மேல் போங்கள். ரொக்கமாகக் கொண்டு போங்கள். தண்ணீரை அன்று காலை எடுத்து, கழுவிய நூறு மில்லி பாட்டிலில் வாய் வரை நிரப்பி மூடிக்கொள்ளுங்கள். எண்களை எழுதின நோட்டை மறந்தால் பஸ் காசு தண்டம்.